எம்.பி.ஏ.வுக்கு ஆத்தாளின் உத்தரவு

பெரியப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. துக்கத்துக்குப் போனேன், மாலை போட்டேன், அழவில்லை. அவரை நான் மன்னிக்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், விழுப்புரத்தில் பி.காம். முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் எங்கள் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மண்டி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது என்று பெயர். கல்லாவில் உட்காருவது பெரியப்பா, வெயிலில் மூட்டைகளோடு மல்லுக்கட்டுவது அப்பா. நான் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளை. இப்படி ஓர் ஆள் வெளியில் கிடைக்காது என்பது பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் எண்ணெய் ஆலையிலிருந்து கொள்முதலுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தாள். கல்லாவை விட்டு அசையாத பெரியப்பா எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவள் எம்.பி.ஏ. படித்தவள் என்றார்கள். எனக்கு அது போதும்.

மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கினேன். சென்னைக் கல்லூரிக்கு நல்ல பெயர். கோயம்புத்தூரில் வேலை வாங்கித் தருகிறார்கள் என்று சொன்னார்கள். பாண்டிச்சேரி வீட்டுக்குப் பக்கம், தினமும் பஸ்ஸில் போய் வரலாம். எனக்கு மூன்றுக்குமே போட்டுப் பார்க்க ஆசை. அப்பாவுக்குச் சம்மதம்தான். ஆனால் அண்ணனைக் கேட்காமல் அவர் ஒரு சட்டைகூட எடுக்க மாட்டார்.

பெரியப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

"வயசுப் பொண்ண வெளியூருக்கு அனுப்புற விசயம். நாம இன்னா சொல்றது? ஆத்தாளையே கேட்டுக்குவோம். அவ எந்தக் காலேஜுக்கு உத்தரவு குடுக்குறாளோ, அதுக்கு அப்ளிகேசன் போடட்டும்."

எங்கள் குலதெய்வக் கோயில் கிளியனூர் பக்கம். அங்கே பூக் கட்டிக் கேட்பது வழக்கம். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி, இரண்டையும் தனித்தனியாக வாழை இலையில் மடித்து நாரால் கட்டி ஆத்தாள் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, வேப்பமரத்தடியில் போட்டுவிடுவார்கள். பொட்டலம் கட்டுகிற உரிமை குடும்பத்தின் மூத்த ஆண்பிள்ளைக்கு.

தை வெள்ளியில் போனோம். சென்னைக்குச் சிவப்பு. கோயம்புத்தூருக்குச் சிவப்பு. இதோ இருக்கிற பாண்டிச்சேரிக்கும் சிவப்பு.

"ஆத்தா வேணாங்குறா. தபால்ல படிச்சிக்கினு மண்டியையும் பாத்துக்கினு இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று மரத்தடிக்குப் போய், கிடந்த மூன்று பொட்டலங்களையும் பிரித்தேன். மூன்றிலும் சிவப்பு அரளி.

அவர் ஏமாற்றியது ஆத்தாளைத்தான், அவள் பார்த்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை. ஏமாந்தது நான். ஓடிப்போய் அப்பாவிடம் காட்டியிருக்கலாம். நானே பூவை மாற்றி வைத்தேன் என்று பெரியப்பா சொல்வார், அப்பா அவரைத்தான் நம்புவார். வயிறு எரிய எரிய, வழியில் பெரியப்பா வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாங்குகிறேன் உனக்கு என்று மனதுக்குள் கருவிக்கொண்டிருந்தேன்.

சென்னைக் கல்லூரியின் கடைசித் தேதி நெருங்கியபோது, அதற்கு மட்டும் இன்னொரு தடவை கேட்போம் என்று அப்பாவை நச்சரித்தேன். பெரியப்பா உடனே சரி என்றார். ஏன் சொல்ல மாட்டார்? அரளிச் செடி அவர் கட்சியில்தானே இருந்தது.

மறுபடி கோயிலுக்குப் போனோம். அன்றைக்கும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினார், கொண்டுவந்து காலடியில் வைத்தார். பூசாரி கற்பூரம் ஏற்றப்போகும்போது நான் வாயைத் திறந்தேன்.

"பூசாரி ஐயா, போன தடவ நாங்க தப்பா கேட்டுட்டோங்க. ஆத்தா கட்டியிருக்கறதே செகப்புப் புடவ. அவ நெறத்தப் போயி வேணாம்னு எப்படி எடுத்துக்கறது? இந்தத் தடவ செகப்பு வந்தா நான் மெட்ராசு போறேன். வெள்ள வந்தா மண்டியிலயே கெடக்கறேன்."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "பாப்பா சொல்றதும் ஞாயந்தான். எப்படிக் கேட்டா இன்னா, அவளுக்குத் தெரியாதா?"

பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "வழக்கத்த மாத்தக் கூடாதுங்க. இருங்க, ஜல்தியா வேற கட்டிக்கினு வர்றேன்."

"எதுக்குண்ணா? வெள்ள ஒண்ணு, செகப்பு ஒண்ணு, ரெண்டும் உள்ளதானே இருக்குது?" என்றார் அப்பா, ஒரு கள்ளமும் இல்லாமல்.

பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்கிறது.

குழந்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு. அப்பாவின் கண் கலங்கிவிட்டது. மீதிப் பொட்டலத்தை நானே மரத்தடியில் போடுகிறேன் என்று வாங்கித் தாவணியில் முடிந்துகொண்டேன்.

"பெரியப்பா கால்ல வியுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கம்மா" என்றார் அப்பா.

விழுந்தேன். இரண்டு கால்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தூக்கிவிடக் குனிந்தவரிடம், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இன்னொரு பொட்டலம் எங்கிட்டதான் இருக்குதுங்க பெரியப்பா. அப்பா எதிர்ல பிரிக்கட்டுங்களா? இல்ல, மூணு காலேஜுக்கும் அப்ளிகேசன் போடச் சொல்லி நீங்களே சொல்றீங்களா?"

அவர் நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணோட நிறுத்த வேணாம்டா. மூணுக்கும் போடட்டும். நல்லா படிக்கிற பொண்ணு."

அவர் அதைச் சொல்லி முடிக்கிறவரை நான் காலை விடவில்லை. பெரியவர்கள்மேல் இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று பூசாரி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.