தானாக உதிர்ந்த குதிரைவாலி

1. வானம் பொய்த்த வருஷம், கொட்டாம்பட்டியில் அத்தை வீட்டில் குதிரைவாலிக் கதிர் முழுவதையும் குத்திச் சாப்பிட்டுவிட்டார்கள்.

2. விதைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வயலில் தானாக உதிர்ந்து கிடந்ததை அத்தை கூட்டி அள்ளிப் பானையில் வைத்தாள்.

3. மறு வருஷம் அதை விதைத்தார்கள். பயிர் செழிப்பாக வந்தது. அறுக்கப் போவதற்குள் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது.

4. அடுத்த விதைப்புக்கு மழை விழுந்ததும், விதையில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு கோச்சடைக்கு என்னைத் தேடி வந்தாள்.

யுத்த காலம். நான் தாவரவியல் படித்துவிட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புல்லப் பாத்துக்கிட்டு இருக்குறவளுக்கு எவன்டி மாப்ள வருவான்? சரி, மண்ணுல கோளாறா, வெதையில கோளாறா, அதச் சொல்லு" என்றாள்.

பயிரிடுகிற குதிரைவாலி தானாக உதிராது. அடித்துத்தான் உதிர்க்க வேண்டும். அதனால் மணியின் அடியில் பிய்ந்த காம்புத் துணுக்கு இருக்கும். வயலில் களையாக முளைக்கும் காட்டுக் குதிரைவாலி முற்றியதும் தானே கழன்று விழும். அடிப்பக்கம் வழவழப்பாக, சிறு தழும்பு மட்டும் தெரியும். கதிர் வரும்வரை இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பூதக்கண்ணாடியில் முதல் மணி வழவழப்பு. அடுத்ததும் அப்படியே. காம்புள்ள ஒரு மணியாவது கிடைக்காதா என்று பிடி முழுவதையும் பார்த்தேன். இல்லை. களை கலந்த விதை அல்ல இது, முழுக்கக் களை.

"இந்தத் தடவையும் கூட்டித்தான் அள்ளுனீங்களா, அத்தை?"

"ஆமா. தானா விழுகிறதுதானே நல்லா முத்துனது? கதிர்ல நின்ன அம்புட்டையும் தின்னுபுட்டோம்."

கதிரில் நின்றதுதான் விதை. இரண்டு வருஷமும் அதைத் தின்றுவிட்டுக் களையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

"மிச்ச விதை எங்க?"

"ஒங்க மாமா காலையிலயே வயலுக்குக் கொண்டுபோயிட்டாரு. ஈரம் காயக் கூடாதுல்ல?" என்று சிரித்தாள்.

என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள். இருவரும் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டு மாமா கையிலிருந்த விதைப்பெட்டியை இறக்கி வைத்தார்.

"அப்ப இம்புட்டு நாளும் புல்லையா வெதைச்சேன்?" என்றார். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மேற்குப் பாதி விதைத்தாகிவிட்டது. கிழக்குப் பாதி உழுதபடி கிடந்தது. விதைக்காமல் மிஞ்சியதைக் கஞ்சிக்கு எடுத்துக்கொண்டோம். அதில் விதைக்க ஊரில் யாரிடமும் நல்ல விதை இல்லை.