டாச்சிங்கில் எடைபோட்ட லாப்டாப்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலையில், மலாக்கா டவுனில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது. பிள்ளைகளே, இன்று நீங்கள் சர்வசாதாரணமாகக் கையில் எடுத்துக்கொண்டு திரிகிற லாப்டாப்பை வாங்க அன்று நான் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. அன்று கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு அப்போது மீன் வியாபாரம். விடியற்காலையில் கடலோரத்தில் உள்ள உம்பாய்க்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் விற்பேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் என் மூத்த மகள் மலாக்காவில் ஒரு காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமையிலேயே எனக்குத் தினமும் நாலு கிலோ மீன் கூடுதலாக விற்கும்.

கடைசி வருஷத்தில் பெரிய ரிப்போர்ட் ஒன்று டைப் செய்து கொடுக்க வேண்டும். காலேஜில் கம்ப்யூட்டருக்குக் காத்திருந்தால் எங்கள் பக்கம் வரும் கடைசி பஸ் போய்விடும். மனைவி தோட்டத்தில் வேலை செய்ததால் நாங்கள் தோட்டத்து வீட்டில்தான் இருந்தோம். அங்கே ஜெனரேட்டர் கரண்டு. பகலில் கிடையாது, மாலை ஆறு மணிக்கு மேல்தான் வரும். கரண்டு வந்தால் வீட்டில் டிவியும் வந்துவிடும், அப்புறம் எங்கே டைப் செய்வது? ஆகவே அவளுக்கு வேண்டியது பகலில் பேட்டரியிலேயே ஓடுகிற லாப்டாப். அதைத் தினமும் காலேஜுக்கும் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பு முறிந்தது. ஓட்டியது நான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டதால் அந்தப் பக்கம் கனம் தாங்காது. அதற்குப் பிறகு அவள் மோட்டாரில் ஏறியதும் இல்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை செம்மண் சாலையில் அரை மணி நேரம் நடப்பாள். “ரிப்போர்ட் முடியலன்னா விட்டுர்றேன்ப்பா. பேக்டரில ஆள் எடுக்கிறாங்க” என்று சொல்லி, வேலைக்கு எழுதிப் போடும் பாரத்தையும் வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தாளைப் பார்த்ததும்தான் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் பஸ்ஸில் வந்தாள், நான் மோட்டாரில்.

கடைக்காரர் ஒரு சீனர். மலாயில்தான் பேசிக்கொண்டோம். முதலில் அவர் காட்டியது பெரிய லாப்டாப். திறந்தார் பாருங்கள், சினிமாத் திரை மாதிரி கலர்! நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை.

“லேசுதாம்மா! நீயும் தூக்கிப் பாரு.”

அவள் பையில் போட்டு இடது தோளில் மாட்டிக்கொண்டாள். “பரவாலப்பா, தூக்கிரலாம்” என்று சிரித்தாள். நான் பணத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அப்போது கடைக் கண்ணாடியில் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்து, பையின் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் நாள் தவறாமல் மீன் பெட்டி தூக்குகிறவன். என் கைக்கு எதுதான் கனம்? என் கையை நம்பி இவள் தோளுக்குச் சாமான் வாங்கப் பார்த்தேனே!

நேராக வெளியே போய் மோட்டார் பெட்டியிலிருந்து என் டாச்சிங்கை எடுத்து வந்தேன். மீன் நிறுக்கிற தூக்குத் தராசு. சோப்புப் போட்டுக் கழுவியதுதான், ஆனாலும் வாசம் போகுமா?

கடைக்காரர் அலறிவிட்டார். “அபாங், இனி புக்கான் ஈக்கான்லா!” இது மீன் இல்லையாம்!

“தெரியும், முதலாளி. மீனா இருந்தா கையிலேயே சொல்லிருவேன்” என்றேன்.

கடைக்கு வந்திருந்த நம்மவர் ஒருவர் விடுவாரா? “அண்ணே, செதிலு எடுத்துக் குடுப்பீங்களா?” என்றார். கடையே சிரித்தது. என் மகள் வெட்கத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் கடைக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. அவரே ஒரு பிளாஸ்டிக் பையில் மெல்லிய லாப்டாப் ஒன்றைப் போட்டு, “கடையிலேயே இதுதான் லேசு, நிறுத்துப் பார்!” என்று கொக்கியில் மாட்டினார். இரண்டு கிலோகூட இல்லை.

“சார்ஜரையும் போடுங்க” என்றேன். “டிஸ்க் போடுற பெட்டி தனியா இருக்கே, அதையும் போடுங்க. வயர், எல்லாத்தையும். மீனைத் தலையோட, குடலோடதான் நிறுப்போம்.”

போட்டார். தராசுக் கோல் ஒரே தூக்காகத் தூக்கியது. மூன்று கிலோவுக்கும் மேலே! முதலில் பார்த்த பெரிய லாப்டாப்போ நாலரையைத் தொட்டது. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், யாரோ ஓர் ஆபீஸ்காரர் வைத்திருந்து விற்ற கறுப்பு லாப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். திரை சின்னது, கலரும் மங்கல். ஆனால் டிஸ்க் போடும் இடம் உள்ளேயே இருந்தது, சார்ஜர் சோப்புக் கட்டி அளவுதான். எல்லாம் சேர்த்து இரண்டரை கிலோ!

“பேட்டரி நாலு மணி நேரம் நிற்கும்” என்றார்.

வியாபாரி பேச்சு எனக்குத் தெரியாதா? பகல் இரண்டு மணிக்கும் ‘இப்பத்தான் கடல்ல இருந்து வந்துச்சி’ என்று சொல்லி விற்றவன் நான். “பிளக்கைப் பிடுங்குங்க, பார்த்திரலாம்” என்றேன். சும்மா திறந்து வைத்தால் அது தூங்கிவிடுமாம். அதனால் என் மகள் உட்கார்ந்து தன் ரிப்போர்ட்டையே டைப் செய்ய ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு பந்தயத்தை நான் பார்த்ததே இல்லை! மூலையில் குட்டியாக ஒரு பேட்டரி படம். அது குறையக் குறைய எங்களுக்கு மூச்சு முட்டியது. ஒரு மணி நேரம் போனது. இரண்டு போனது. செதில் கேட்ட மனிதர் வாங்க வந்ததை மறந்துவிட்டு, எல்லாருக்கும் தே தாரே டீ வாங்கி வந்து நின்றார். மூன்று மணி நேரம் தாண்டியதும் கைதட்டினார்கள். பிறகு திடீரென்று ‘பீப், பீப்’ என்று கத்தியது.

“சேவ்! சேவ்!” என்று கடைக்காரர் கத்தினார். நான் மூன்று நாள் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். என்னை ஏன் சவரம் செய்யச் சொல்கிறார்? என் மகள் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். திரை அணைந்தது. மூன்று மணி நாற்பது நிமிடம். அதற்குள் அவள் ஒன்பது பக்கம் முடித்திருந்தாள்!

“இருபது நிமிஷம் குறையுது முதலாளி” என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, அந்த இருபது நிமிடத்துக்காக ஒரு நல்ல தோள் பையைச் சும்மாவே கொடுத்தார்.

அந்த லாப்டாப்பில்தான் ரிப்போர்ட் முடிந்தது. பேக்டரி பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாஸ் செய்து சுங்கை ஊடாங்கில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆனால் லாப்டாப் வாங்கிய அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. “கனம்னு ஏம்மா மொதல்லயே சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க அவ்வளவு ஆசையா பார்த்துக்கிட்டு இருந்தீங்கப்பா” என்றாள். பிறகு மெதுவாக, “செகண்டரி ஸ்கூல் சேர்ந்தப்ப, பாரம் ஒண்ணுல வாங்கிக் குடுத்தீங்களே, அந்தப் பெரிய ஸ்கூல் பேக்கு, அதுவும் கனம்தான்” என்றாள்.

அந்தப் பையை நான்தான் தேடிப் பிடித்து வாங்கினேன், கெட்டியாக இருக்கிறது என்று. ஐந்து வருஷம் அதை அவள் ஒரு தோளிலேயே சுமந்திருக்கிறாள். இப்போதெல்லாம் வீட்டுக்கு எதை வாங்கினாலும், தினம் தூக்கப்போகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் “பரவால” என்று சொன்னால் அவர்கள் முகத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன்.