நித்யா வீட்டுக்கு நான் செய்த போன்

பள்ளிப் படிப்போடு நின்றவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். கொல்கத்தா பாலிகஞ்சில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து மைதானத்து ரக்பி கிளப்பில் பிள்ளைகள் சேர்ந்த வேகத்திலேயே நின்றுவிடுவார்கள். வராதவர்கள் வீட்டுக்குப் போன் செய்து கூப்பிடலாம் என்று கோச்சிடம் சொன்னது நான்தான். கிளப்பில் ஆடும் நித்யாவின் வீட்டில் எங்களிடம்தான் தோசை மாவு வாங்குவார்கள்; அவர்கள் நம்பர் என்னிடம் இருந்தது. கூச்சத்தை விட்டுப் பேசினேன். அவள் அப்பா எடுத்தார்.

“பிராக்டிஸுக்கு நித்யா ரெண்டு நாளா வரலையே சார். அவ இல்லாம டீமே இல்லை. போன வாரம் ரெண்டு பேரை அப்படியே சாய்ச்சிட்டா!”

“என்ன பிராக்டிஸ்? அவ கணக்கு டியூஷனுக்குத்தானே போறா? இப்போ ஜுரத்துல படுத்திருக்கா.”

பின்னாலிருந்து அவள் அலறினாள்: “அங்கிள், வெச்சிடுங்க, ப்ளீஸ்!”

போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவள் அப்பா கடைக்கு வந்து, அவளுடைய கிளப் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.