ஏறலாம், இறங்கத்தான் கூடாது

பால் கறந்து முடித்துச் சொம்பை எடுத்துக்கொண்டு எழப் போனேன். வலது முட்டிக்குள் ‘கருக்’கென்று ஒரு சத்தம். பசுவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். நல்ல மாடு, உதைக்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. முட்டிவலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் இப்படி ஏதோவொரு காலையில்தான் தொடங்கியிருக்கும்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஊரை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை, உச்சியில் வற்றாத சுனை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் நாளில் பெண்கள் இடுப்பில் சொம்பைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பாறையில் தொற்றி ஏறித் தண்ணீர் கொண்டு வர வேண்டும். யார் முதலில் கோயிலுக்குத் திரும்புகிறாரோ அவர் தண்ணீர்தான் பானையில் முதலில் விழும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அது என் தண்ணீர்தான். கொழுந்தனார் மனைவி ராஜம்மா எப்போதும் இரண்டாவது. சொல்வதற்கென்ன, எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

அந்த ஆடியில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது அடிக்கு அடி முட்டிக்குள் ஆணி இறங்கியது. ராஜம்மா என்னைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் குஷி இருந்திருந்தால்கூடத் தேவலை. பரிதாபம் இருந்தது.

அதற்கப்புறம் ஆளுக்கொரு எண்ணெய் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் தேய்த்தேன்.

“ஏம்மே, உன்ன வடச்சட்டியில போட்டா எண்ண ஊத்தாமலே பொரிஞ்சிருவ” என்றார் வீட்டுக்காரர்.

வலியைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. ‘இனிமேல் ஏறாவிட்டால்தான் என்ன, குடியா முழுகிவிடும்?’ என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் நிம்மதியாகவும் இருந்தது. பாறையைப் பார்த்த வகுப்பு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தினேன். முட்டி தேய்ந்தால் எண்ணெயாவது தடவலாம், ஆசை தேய்ந்தால் என்ன செய்வது?

ராஜம்மாதான் விடவில்லை. “நீ வராத பாறையில நான் மொதல்ல வந்தா என்னாக்கா, கடசியா வந்தா என்னா? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு” என்று தர்மபுரி பஸ்ஸில் ஏற்றி, கூடவே தானும் வந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டுத் தேய்மானம் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோவது) என்றார் டாக்டர்.

“வயசாயிடுச்சுங்களா டாக்டர்?”

“ஆமாம்மா. எனக்கும்தான்” என்று தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். பாறைக் கதையை முழுதாகக் கேட்டார். “ஏறலாம். இறங்கத்தான் கூடாது. இறங்கறப்போ பாரமெல்லாம் முட்டியில விழும்.”

“அப்ப மேலயே குடித்தனம் வெச்சிடச் சொல்றீங்களா?” என்றாள் ராஜம்மா.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “இறங்கியே ஆகணும்னா ஏணியில இறங்கற மாதிரி, பாறையப் பாத்த மாதிரியே மெதுவா இறங்குங்க. சரிவு வந்தா வெக்கப்படாம உட்கார்ந்து நகருங்க.”

வெக்கப்படாம! சொல்லிவிட்டார். எங்கள் பாறையின் அடிச்சரிவுதான் ஊர்ப் பிள்ளைகளின் சறுக்குப் பாறை. கால்சட்டை கிழிகிறது என்று அங்கே சறுக்கிய பையன்களைப் பிரம்போடு துரத்தியவள் நான்.

தொடைத்தசைக்குப் பயிற்சி சொல்லித்தந்தார் (தொடை பலப்பட்டால் முட்டியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும்). பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது மேசைக்கு அடியில் காலை நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். முதலில் இரண்டாம் வாய்ப்பாட்டுக்கே கால் நடுங்கியது. சித்திரை வருவதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு முடியும்வரை நின்றது. அன்றைக்கு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். பாறை அங்கேயேதான் இருந்தது. செருப்புக்குள் கால்விரல்கள் தாமாக மடங்கிப் பிடித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆடி வந்தது. நின்று நின்று ஏறினேன். நான் சுனைக்குப் போனபோது ராஜம்மா சொம்பின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கிளம்பிய பிறகு பாறையைப் பார்த்தபடி, காலால் தடவித் தடவி இறங்கினேன். பாறை மூக்குக்கு நேரே இருந்தது. வெடிப்பில் கடுகளவு வெள்ளைப் பூக்கள். இத்தனை வருஷம் மிதித்த இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சறுக்குப் பாறைக்கு வந்தபோது கீழே என் வகுப்பே நின்றது. ராஜம்மா வழுக்கிவிடாமல் சரிவின் ஓரமாகப் பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துப் பாதி தூரம் போயிருந்தாள். கோயில் எட்டுகிற தூரம்தான். மானமா, முதல் சொம்பா? உட்கார்ந்தேன். சொம்பை மடியில் அணைத்தேன். அம்மா தாயே என்று விட்டேன்.

“டீச்சர்! டீச்சர்!” என்று பையன்கள் கத்தினார்கள்.

“அக்கா! இது ஆட்டத்துல சேத்தியில்ல!” என்று ராஜம்மா கத்தியது காதோரமாகப் பின்னால் போனது.

புடவை பின்பக்கம் கிழிந்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து தோள்துண்டைச் சுற்றிவிட்டார். அப்படியே கோயிலுக்கு நடந்துவிட்டேன். ராஜம்மா மூச்சிரைக்கப் பூசாரியிடம் நியாயம் கேட்டாள்.

“தண்ணி வந்துச்சா? வந்துச்சு. எப்பிடி வந்துச்சுன்னு ஆத்தா கேக்கலியே” என்று அவர் பானையின் மூடியைத் திறந்தார். என் தண்ணீர்தான் முதலில் விழுந்தது.

அடுத்த வருஷம் ராஜம்மா கோணிச்சாக்கோடு வந்தாள். பிறகு சில ஆடியில் அவள் முதல், சில ஆடியில் நான். பையன்களை நான் துரத்துவதில்லை. எந்த முகத்தோடு துரத்துவது?

முட்டி பழையபடி ஆகவில்லை, ஆகவும் ஆகாது. முன்பெல்லாம் உச்சியில் நான் நின்றதே கிடையாது. இப்போது ஏறிப் போனதும் சுனையோரம் உட்கார்ந்து வெயில் ஏறுவதைப் பார்க்கிறேன். எழும்போது முட்டி ‘கருக்’ என்கிறது. “இரு, இரு, போலாம்” என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சாக்கை எடுத்துக்கொள்கிறேன்.