அயோர்ட்டாவில் ஒரு டான்சில்

ஒரு மனிதரின் வயிற்றுக்குள் டான்சிலைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு உண்டு. மருத்துவ உலகம் இதுவரை அதைப் பாராட்டவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷனாக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, மனித அயோர்ட்டாவை மெல்லிசாகச் சீவுவது என் வேலை. இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் அது. சிலருக்கு அதன் சுவர் நொய்ந்து பலூன்போல வீங்கும். அதுதான் அனியூரிசம். வெடித்தால் ஆள் காலி.

பழைய பைப் தேய்ந்துவிட்டது என்றுதான் அப்போது பலரும் சொல்வார்கள். எங்கள் டாக்டர் மோகன் ஒப்பவில்லை. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பு அணுக்களே சுவருக்குள் புகுந்து அதை அரிக்கின்றன, அவற்றை அடக்கினால் கத்தி இல்லாமலே வீக்கத்தைத் தடுக்கலாம் என்பது அவர் கட்சி.

"காவல்காரனே வீட்ட இடிக்கிறான் மணி. அவன பிடிக்கணும்" என்பார்.

பிடிக்கும் பொறுப்பு, வீட்டுச் சாவியை வாரம் இருமுறை தொலைக்கும் என்னிடம் வந்தது.

ஆபரேஷனில் வெட்டிய சுவர்த்துண்டைச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், எதிர்ப்பு அணுக்கள் பழுப்பாகத் தெரியும். சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க, கூடவே யாரோ ஒரு சிறுவனின் தொண்டையிலிருந்து எடுத்த டான்சில் சதையின் ஸ்லைடும் போடுவோம். டான்சில் முழுக்க அந்த அணுக்கள்தான். அதற்குப் பெயர் கன்ட்ரோல்.

ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் நம்பர் எழுதவேண்டும். சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். பென்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது என்று எனக்கொரு கருத்து. சட்டைப்பையில் சிங்கப்பூர் மார்க்கர் பேனா வேறு இருந்தது. அதில் எழுதினேன். கடைசியில் சைலீன் என்ற கரைப்பானில் முக்கியபோது இரண்டு ஸ்லைடின் எழுத்தும் கரைந்து போயிற்று. ரேக்கில் இருந்த வரிசையை வைத்து ஊகித்து மறுபடி எழுதினேன், இம்முறை பென்சிலால். ரேக்கைத் திருப்பி வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்த டாக்டர் நிமிரவே இல்லை.

"மணி! ஃபுல்லா செல்! இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல!"

நானும் பார்த்ததில்லை. பார்ப்பது என் வேலை இல்லை என்று இருந்தேன்.

அந்தத் துண்டுக்குச் சொந்தக்காரர் கிள்ளான் ராமையா அங்கிள். முன்னாள் லோரி ஓட்டுநர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர். வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை. இத்தனை அணுக்கள் இருந்தால் மீதிக் குழாயையும் அரித்துவிடும், ஸ்டீராய்டு கொடுத்து அடக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். ஸ்டீராய்டு இனிப்புநீரை ஏற்றும், புண்ணை ஆறவிடாது.

"ரிஸ்க்குதான். ஆனா இவ்வளவு செல் இருக்கே" என்றார்.

மறுநாள் காலை, டான்சில் என்று நான் எழுதிய ஸ்லைடைப் பெட்டியில் வைக்குமுன் சும்மா எட்டிப் பார்த்தேன். அலை அலையாகக் குழாய்ச்சுவரின் நார்கள். நடுவே அங்கங்கே நாலைந்து பழுப்புப் புள்ளிகள். டாக்டரின் காவல்காரர்கள் இருந்தார்கள், படையாக இல்லை. எந்தச் சிறுவனுக்கும் தொண்டையில் அயோர்ட்டா இருக்காது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசித்தேன். மாடிப்படி இறங்கி முடிக்கும்வரை யோசித்தேன். கீழே கிளினிக்கில் டாக்டர் மருந்துச் சீட்டை அங்கிளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நேத்து பார்த்தது அங்கிளோட அயோர்ட்டா இல்ல. டான்சில்."

"யாரோட டான்சில்?"

"நம்ம கன்ட்ரோல். நம்பர் அழிஞ்சிருச்சு. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

அங்கிள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "என்னா பாஸ், என் தொண்டையையும் வெட்டிட்டீங்களா?"

டாக்டர் சீட்டை இரண்டாகக் கிழித்தார். என்னை எத்தனையாகக் கிழிப்பது என்று கணக்குப் போடுவதுபோல் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கான்ஃபரன்ஸ்ல காட்டப்போறேன்னு எல்லாருக்கும் போன் போட்டுட்டேன் லா" என்றார், மெதுவாக.

அடுத்த நாள் என் மேசையில் ஒரு டஜன் பென்சில், சீவியே வைத்திருந்தது.

இளைய டெக்னீஷன்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பென்சிலில் எழுதுங்கள். எண் அழிந்தால் ஊகிக்காதீர்கள், துண்டை மறுபடி சீவுங்கள். நாம் தேடுவதே அள்ளிக் கொட்டினாற்போல் கிடைத்தால், குதிக்குமுன் பக்கத்து ஸ்லைடையும் பாருங்கள்.

சில மாதம் கழித்து அங்கிளைப் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் பார்த்தேன். இரண்டாவது கிண்ணம் பாயசத்தில் இருந்தார். அன்று மட்டும் நான் ஓடி வந்திராவிட்டால் அந்த மாத்திரை அவரை என்ன செய்திருக்கும் என்பதை, கொஞ்சம் அடக்கத்தோடும் நிறைய விவரத்தோடும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எதுக்கு தம்பி அப்படி மூச்சு வாங்க ஓடியாந்த? டாக்டர் குடுக்கற மாத்திரைய நான் என்னிக்கு முழுங்கினேன்? எல்லாம் வீட்டு அலமாரியில அப்படியே இருக்கு லா."