உதிர்ந்தும் பிரியாத எண்

ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற தொழிலில், நாங்கள் ஒட்டியதை எங்களைத் தவிர ஊரே கவனமாக வாசிக்கும். இதில் மாட்டுப்பட்ட சகோதரங்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

சத்தமான பாண்

மானிப்பாயில் ஒரு பேக்கரிக்குப் பலகை செய்தேன். ‘சுத்தமான பாண்’ என்று வரவேண்டியதைச் ‘சத்தமான பாண்’ என்று ஒட்டிவிட்டேன். பேக்கரிக்காரர் கோபிக்கவில்லை.

“சனம் பாணைக் காதிலை வைச்சுப் பாக்குது, தம்பி.”

எட்டு இலக்கம்

அதோடு என் பாதி வாடிக்கை எதிரிலிருந்த மற்ற ஸ்டிக்கர் கடைக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் உடுப்பிட்டிக் கணித மாஸ்டர் வந்தார். மானிப்பாயில் புதிதாக டியூசன் வகுப்பு. பலகையில் 73939133 என்று கொட்டையாகப் போடவேண்டுமாம். சரியாக வந்தால் உடுப்பிட்டி, கொழும்புத்துறை வகுப்புகளின் பலகையும் எனக்கு, பிழைத்தால் எதிர்க்கடைக்கு.

“ஃபோன் நம்பரிலை இரண்டு குறையுது சேர்” என்றேன். மனுசன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“ஐசே, உது முதன்மை எண். ஒண்டாலையும் தன்னாலையும் தவிர வேறை எதாலையும் பிரியாது.”

ஒரு மூன்று குறைவு

கணினியில் அடித்தபோது கடைசியில் அடுத்தடுத்து இரண்டு 3 வந்ததை எழுத்துப்பிழை என்று நானே முடிவுகட்டி, ஒன்றை அழித்துவிட்டேன். பலகை ஏறிய பிறகுதான் மாஸ்டர் எழுதித்தந்த துண்டுக் கடதாசியைத் திரும்பப் பார்த்தேன், அதில் இரண்டு 3ம் இருந்தன.

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார், உதட்டை அசைத்தார், சிரித்தார். கடைசி இலக்கத்தை எடுத்தால் மிச்சமும் முதன்மை எண்ணாம். பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனாலும் அப்படித்தானாம். இந்தக் குணமுள்ள எண்களில் அவர் எழுதித்தந்த எட்டு இலக்கம்தான் ஆகப் பெரியதாம்.

“தெரிஞ்சு செய்தனீரோ தெரியாமல் செய்தனீரோ, இருக்கட்டும்.”

முதலாம் பிள்ளை

எண்ணுக்குக் கீழே ‘முதன்மை எண்’ என்று சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தேன். மகளைச் சேர்க்க வந்த ஒரு அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, ஏணியில் நின்ற என்னைக் கேட்டார்:

“தம்பி, உது இந்த வகுப்பிலை முதலாம் பிள்ளை எடுத்த மாக்ஸோ?”

பங்குனி வெயில்

வெயிலுக்கு ஸ்டிக்கர் வலப்பக்கத்திலிருந்து உரியத் தொடங்கியது. 3 போனது. 1 போனது. 9 போனது. இன்னொரு 3ம் போனது. ஒவ்வொரு முறையும் ஏணியோடு ஓடுவேன், மாஸ்டர் மறித்துவிடுவார். இலக்கம் விழ விழப் பிள்ளைகளுக்கு நல்லாய் விளங்குதாம். என் மலிவு ஸ்டிக்கரை ஒருவரும் குறை சொல்லவில்லை. மற்ற இரண்டு பலகைக்கும் அளவெடுக்க வரச் சொன்னார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். மிஞ்சி நின்றது 739. அதில் 7இன் ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. நன்றிக்கடனுக்கு ஏறி அமத்தினேன். 7 கையோடு கிழிந்து வந்தது. கீழே மாஸ்டர், மேலே 39. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

“முப்பத்தொன்பது மூண்டாலை பிரியும் ஐசே. நாங்களும் பிரிவம்.”

ஐந்து இலக்கம் போயும் பொறுத்த மனுசனை நல்லாய் நின்ற 7ஐத் தொட்டுக் கெடுத்துக்கொண்டேன். இப்போது உடுப்பிட்டியிலும் கொழும்புத்துறையிலும் எதிர்க்கடைக்காரனின் பலகை ஒரு இலக்கமும் உதிராமல் நிற்கிறது, பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லையாம்.