இடது இறக்கை

அந்த விமானத்தில் என் வேலை ரேடியோ மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒருமுறை வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

மரவேலை முழுவதும் என் நண்பனுடையது. பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் பட்டறையில் அவன் தச்சன். காசிமேட்டு மீனவக் குடும்பம். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனார்கள். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, கட்டுமரத்தில் ஏறி அலை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். அதனால் உளி பிடித்தான். நான் ராயபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. நான் அவனை மாமு என்பேன், அவன் என்னை நைனா என்பான்.

யுத்தத்தின்போது அவன் அசாம் பக்கம் ஒரு விமான தளத்தில் இரண்டு வருடம் தச்சு வேலை பார்த்தவன். ஹரிக்கேன் என்ற சண்டை விமானத்துக்குப் பின்பாதி உடம்பு மரச்சட்டமும் துணியும்தான். குண்டு பட்டுக் கிழிந்து வருவதைச் சரிசெய்து திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை.

"நம்ம கையால ஒட்டி அனுப்புவோம் நைனா. ஓடிப்போய் எழும்பும். தலைய தூக்கிப் பாக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நின்னுகினு இருக்கும். ஒருவாட்டி கூட நின்னு நெதானமா பாத்ததில்ல" என்று என் கடையில் உட்கார்ந்து சொல்வான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பழைய பேப்பர் கட்டு ஒன்றில் எனக்கு ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. பொம்மை விமானம் கட்டுகிறவர்களுக்கான பத்திரிகை. அதன் நடுவில் மடித்து வைத்த ஒரு வரைபடம், அதே ஹரிக்கேன். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எட்டு அடி வரும்படி கட்டலாம், தரையிலிருந்து ரேடியோவால் திருப்பலாம் என்று எழுதியிருந்தது. அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தான். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தச் சட்டம் இப்டி இருக்காது, தப்பா போட்டுகிறான்" என்றான். அன்றைக்கே தொடங்கிவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இடம் கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மிளகாய் மண்டி வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. மண்டியின் மாடியில் மூட்டை அடுக்காத ஒரு பகுதி சும்மா கிடந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கி அந்தத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. மிளகாய் நெடியில் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே இருப்போம். அண்ணாச்சி மாடிப்படியில் பாதி ஏறி நின்று பார்ப்பார். "ஏன் தம்பி, அரிக்கேன் அரிக்கேன்னு சொல்லுதியளே, வெளக்கு எங்க வைப்பிய?" என்று ஒருநாள் உண்மையாகவே கேட்டார்.

பத்திரிகையில் சொல்லியிருந்த மரம் இந்த ஊரில் கிடைக்காது. கட்டுமரம் செய்கிறவர்கள் பயன்படுத்தும் இலேசான மரத்தில் மிச்சம் விழுந்த துண்டுகளை அவன் காசிமேட்டிலிருந்து கொண்டுவந்தான். தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்து இறக்கைக்கு விலா எலும்புகள் வெட்டினான். மேலே போர்த்த, யுத்தத்தில் மிஞ்சிய பாராசூட் பட்டு. அதை இறுக்குவதற்குப் பழைய சினிமா ஃபிலிமைச் சுரண்டி அசிட்டோனில் கரைத்துப் பூசினோம். அந்த வாசனையும் மிளகாயும் சேர்ந்து எங்கள் சட்டையை விட்டுப் போகவே இல்லை. அவன் மனைவி இரண்டு பேர் சட்டையையும் தனியாகத்தான் துவைப்பாள்.

அவன் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு விலா எலும்பை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பிடிக்கவில்லை என்றால் பேசாமல் ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று வெட்டுவான். ஒரே ஒரு விஷயத்தில் அவனுக்கு நிம்மதி இல்லை. இடது இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதுகுக் கட்டைக்கு மரம் ஓர் அடி குறைந்தது. வேறு வழியில்லாமல் சாய்வாகச் சீவி ஒட்டுப் போட்டான். ஒட்டு காய்ந்ததும் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தான். தாங்கியது. ஆனாலும் மாடிக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்த இடத்தைத்தான் கட்டைவிரலால் தடவுவான்.

இஞ்சின் ஒரு கப்பல்காரர் கொடுத்தது. துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல் ஒன்றில் அவர் இஞ்சினியர், வெள்ளைக்காரர். அவருடைய ரேடியோவை நான் சரிசெய்து கொடுத்திருந்தேன். மாடிக்கு அழைத்துப் போய் விமானத்தின் எலும்புக்கூட்டைக் காட்டினேன். அடுத்த பயணத்தில் கைக்குள் அடங்கும் ஒரு பெட்ரோல் இஞ்சினை வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்துவிட்டார். பறக்கும்போது தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

என் பங்கு இரண்டு பெட்டிகள். தரையில் நிற்கும் பெட்டியில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால், விமானத்துக்குள் இருக்கும் பெட்டியில் ரிலே என்ற சின்ன மின்சுவிட்ச் ஒன்று தட்டும். அது தட்டினால் முறுக்கிய ரப்பர் ஒரு படி அவிழ்ந்து வால் சுக்கானைத் திருப்பும். ஒருமுறை அமுக்கினால் இடது, விட்டு அமுக்கினால் வலது. அவ்வளவுதான். அந்த ரிலே சூடு ஏறினால் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். மாடியில் இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டு முறையும் விரலால் சுண்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்றேன்.

"சுண்டி வுட மேல யாரு போவா?" என்று கேட்டான். "பெட்டிய ரெண்டு நாளு வெயில்ல வெச்சுப் பாரு நைனா. அதுக்கு அப்பால பறக்க வுடலாம்."

வைக்கிறேன் என்றேன். வைக்கவில்லை. என் வேலையில் குறை சொல்லிவிட்டானே என்றிருந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகி விமானம் முடிந்தது. பச்சையும் மண்ணிறமுமாக அவனே வர்ணம் பூசினான். அந்த வாரத்தில் அவனுக்கு அம்மை போட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். மூன்று வாரம் யாரும் உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்று, குணமானதும் பறக்கவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்காவது நாள் கப்பல்காரர் கடைக்கு வந்தார். இரண்டு நாளில் கிளம்புகிறோம், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். விமானம் தயாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நண்பனுக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். தயார் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அவரும் நானும் அண்ணாச்சியின் மண்டி வண்டியில் இறக்கைகளைத் தனியாக, உடம்பைத் தனியாக ஏற்றிக்கொண்டு போனோம். எண்ணூருக்குப் போகும் வழியில், உப்பளத்தை ஒட்டி, கடல் பக்கமாகக் கெட்டியான மணல்தரை ஒன்று உண்டு. இறக்கைகளைப் பூட்டி நிறுத்தியதும் கப்பல்காரர் அதைச் சுற்றி வந்தார். குனிந்து பட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதையெல்லாம் நீயே கட்டினாயா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் வாலைப் பிடித்துக்கொள்ள நான் இஞ்சின் விசிறியைச் சுற்றிவிட்டேன். பிறகு ஓடிப்போய்ப் பெட்டியருகே நின்றேன். காற்று மேற்கிலிருந்து அடித்தது. அவர் கையை விட்டதும் அது மேற்கு நோக்கி ஓடியது. வால் முதலில் எழுந்தது. பிறகு எப்போது சக்கரம் தரையை விட்டது என்றே தெரியவில்லை, பார்க்கும்போது கீழே நிழல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அது பறந்ததைச் சரியாக எழுத எனக்கு வராது. ஆடவில்லை, அலையவில்லை. இடது இறக்கையைச் சாய்த்துத் திரும்பியபோது வெயிலில் பட்டுத்துணிக்குள்ளிருந்த விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. உப்பளத்தில் வேலை செய்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். நான் பொத்தானை அமுக்க அமுக்க அது கேட்டது. மூன்று பெரிய வட்டம். வெயிலும் ஏறிவிட்டிருந்தது. நான்காவது வட்டத்தில் கிழக்கே முகம் வைத்திருக்கும்போது அமுக்கினேன். திரும்பவில்லை. மறுபடியும் அமுக்கினேன். கப்பல்காரர் என் கையைப் பார்த்தார். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது எங்கள் தலைக்கு மேலாக நேராகக் கடலுக்குப் போனது. காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. இஞ்சின் சத்தம் வெகுநேரம் கேட்டது, பிறகு நின்றது. பிறகும் அது காற்றில் மிதந்துகொண்டுதான் போயிருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

கப்பல்காரர் என் தோளைத் தட்டி, அருமையான விமானம் என்றார்.

அன்று மாலை நண்பன் வீட்டு வாசலில் நின்றேன். அவன் மனைவி கதவருகே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறி உள்ளே பார்த்தாள். உள்ளிருந்து அவன் குரல் வந்தது. "பறக்க வுட்டியா?"

"கப்பல்காரரு நாளிக்கு போறாரு மாமு. அதான்."

"எழும்புச்சா?"

ரேடியோ கைவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான். "ரெண்டாள் உயரம் போச்சு. றெக்கை மடிஞ்சி கடல்ல வுழுந்துடுச்சு" என்று வந்துவிட்டது.

"எந்த றெக்கை?"

"இடது" என்றேன்.

"அவுருக்குத் தூக்கம் வருது போல" என்று சொல்லி அவன் மனைவி கதவைச் சாத்தினாள்.

அம்மை இறங்கி அவன் மறுபடி கடைக்கு வந்தபோது முகமெல்லாம் தழும்பு. விமானத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் மட்டும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அந்த ஒட்டு போட்டப்பவே மனசு ஒப்பல. இன்னும் ரெண்டு அங்குலம் நீட்டிச் சீவியிருக்கணும்" என்றான். நான் ஒரு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றுவதை நிறுத்தவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் இருக்கும். வந்தான், வழக்கமான முக்காலியில் உட்கார்ந்தான். டீ வரவழைத்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"இன்னா மாமு?"

"ஒண்ணுமில்ல. என்கிட்ட எதுனா சொல்லணுமா நைனா?"

"இன்னா சொல்லணும்?"

"எதுனா."

"ஒண்ணும் இல்லியே" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். பிறகு அவன் கடைக்கு வருவது குறைந்து நின்றே போனது. சில மாதங்களில் திருச்சிப் பக்கம் பொன்மலைப் பட்டறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான் என்று அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் கழித்து அவன் மனைவியைக் காசிமேட்டில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தலுக்கு வெளியே நின்று பேசினோம். பிள்ளைகள், வீடு எல்லாம் விசாரித்தேன். பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்.

"அந்த றெக்கை எங்க வூட்லதான் கீது. பொன்மலைக்கும் எடுத்துகினு போய்ட்டாரு."

எந்த றெக்கை என்று கேட்டேன்.

"எர்ணாவூர் பக்கம் வலை வுட்ட பங்காளி ஒருத்தரு கொண்டாந்து குடுத்தாரு. அம்மை இறங்கி ஒரு மாசம் இருக்கும். பட்டுத்துணிதான் கிழிஞ்சிருந்திச்சி, கட்டை ஒண்ணும் ஆவல. இவுரு அந்த ஒட்டத் தடவிப் பாத்தாரு. மணல் மூட்டை கூட வெச்சுப் பாத்தாரு. அப்டியே கீது. போய்க் கேளுய்யான்னு நான்தான் சொன்னேன். அவனே சொல்லுவான், சும்மாருன்னுட்டாரு."

அடுத்த வாரம் கடையைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினேன். பொன்மலையில் பட்டறைக் குடியிருப்பில் அவன் வீடு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா நைனா" என்றான். காப்பி கொடுத்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய் நின்றபோது நான் சொல்லிவிட்டேன். ரிலே ஒட்டிக்கொண்டதை, பெட்டியை வெயிலில் வைக்காததை, நான்தான் கட்டினேன் என்று கப்பல்காரரிடம் சொன்னதையும்கூட.

"அப்ப பறந்துச்சு" என்றான் கடைசியில்.

"பறந்துச்சு மாமு. மூணு வட்டம்."

"எப்டி எழும்புச்சு? ஓடிச்சில்ல, அப்ப வாலு முதல்ல தூக்கிச்சா?"

சொன்னேன். திரும்பும்போது எப்படிச் சாய்ந்தது என்று கேட்டான், அதையும் சொன்னேன். வெயிலில் விலா எலும்பு தெரிந்ததை இரண்டாம் முறை சொல்லச் சொன்னான். அப்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொண்ணு கட்டியிருப்போம் நைனா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போதுகூடக் கட்டலாம் என்றேன். அவன் சிரித்தான். "நீ எங்கியோ, நான் எங்கியோ" என்றான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவன் மனைவி இலை போட்டாள். மாலை ரயிலுக்கு அவனே வந்து ஏற்றிவிட்டான். கிளம்பும் வரை ஜன்னலோரம் நின்று பட்டறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு எழுதினேன், இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவது நான் எழுதவேயில்லை.